இந்தோ-பசிபிக்கில் ஒரு மகன்

தேனி அலுவலகத்தின் செய்தி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர்களுக்கு,

பணி அனுபவம் எழுதுகிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஏழு வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். வரும் திங்கட்கிழமை ஆண்டிபட்டி தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்கிறேன். போகிறவர்கள் வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் அரைப் பக்கம் எழுதியிருந்தார். எந்த நிருபர் ஊர்ப்பெயரைத் தப்பாக அனுப்புவார், எந்தப் பிரமுகர் படம் சின்னதாக வந்தால் நேரில் வந்து கத்துவார் என்றெல்லாம். உபயோகமான அரைப் பக்கம்தான், அதுவும் இழுப்பறையில் இருக்கிறது, படியுங்கள்.

நான் ஒரே ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். பக்கம் கட்டுவது, எழுத்தளவு, தலைப்பின் அகலம் எல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்குக் கை வந்துவிடும். இது அப்படி வராது.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி, ஏனென்றால் தப்பு அங்கிருந்துதான் தொடங்கியது. நான் அனுமந்தன்பட்டிக்காரன். அப்பா திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டப் போகிறவர், அம்மா களை எடுக்கப் போகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்படி வந்தவனுக்குப் பெரிய சொற்கள் மேல் ஓர் ஆசை இருக்கும். புதுச் சட்டை மாதிரி, போட்டுக்கொண்டு தெருவில் நடக்கத் தோன்றும். போட்டித் தேர்வுக்குப் படித்த காலத்தில் எனக்குக் கிடைத்த புதுச் சட்டைகளில் ஒன்றுதான் ‘இந்தோ-பசிபிக்’.

அந்தச் சொல்லின் கதை எனக்கு மனப்பாடம். மீன்களையும் பவளப்பாறைகளையும் ஆராய்கிறவர்கள் முன்பே புழங்கிவந்த சொல் அது. பல கடல் உயிர்கள் இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்கின் மேற்குப் பாதிக்கும் பொதுவானவை என்பதால் இரண்டையும் சேர்த்துச் சொன்னார்கள். பிறகு அரசாங்கங்கள் அதை எடுத்துக்கொண்டன. முன்பு ‘ஆசிய-பசிபிக்’ என்று பேசியவர்கள் இந்தியாவையும் அதன் கடலையும் கணக்கில் சேர்க்க நினைத்தபோது ‘இந்தோ-பசிபிக்’ என்றார்கள். சீனாவோ அந்தப் பேச்சே பிடிக்காமல் இன்றும் பழைய சொல்லைத்தான் சொல்கிறது. இவ்வளவும் தெரிந்த எனக்கு, அந்தக் கடல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனை மட்டும் வந்ததே இல்லை.

சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு மாலை, ஏழாம் பக்கத்தை அனுப்ப வேண்டிய நேரம். செய்தி ஏஜென்சியிலிருந்து ஒரு சரக்குக் கப்பல் கவிழ்ந்த செய்தி ஆறு பத்தியில் வந்தது. எனக்கு இருந்த இடம் ஒற்றைப் பத்தியில் நாலு விரல்கடை. இடம் இல்லாவிட்டால் கீழிருந்து வெட்டு என்பதுதான் நம் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருவது. வெட்டினேன். மேலே மிச்சமிருந்தது இவ்வளவு: இந்தோ-பசிபிக் பகுதியில் சரக்குக் கப்பல் ஒன்று கவிழ்ந்தது, மாலுமிகளைத் தேடும் பணி நடக்கிறது, அவர்களில் இந்தியர்களும் இருப்பதாகத் தெரிகிறது, இந்தோ-பசிபிக்கில் கடல் பாதுகாப்பை உறுதி செய்ய வேண்டும் என்று ஒரு வெளிநாட்டு அமைச்சர் சொல்லியிருக்கிறார். தலைப்பு, ‘இந்தோ-பசிபிக்கில் கவிழ்ந்தது கப்பல்’. இரண்டு வரியில் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

பக்கம் வடிவமைக்கும் அக்கா திரும்பிப் பார்த்தார்.

“இது எங்கப்பா இருக்கு? சின்னதா மேப் வைக்கவா?”

“மேப்புல அடங்காதுக்கா. அம்புட்டுப் பெருசு.”

“அடங்காதத எதுக்குடா இத்துனூண்டு கட்டத்துல அடைக்கிற?” என்று சிரித்துக்கொண்டே பக்கத்தை அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு எனக்கு போன். நம் அலுவலகத்தில் காலையில் விளம்பரப் பிரிவு அண்ணன் மட்டும்தான் இருப்பார் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர்தான் பேசினார். “தம்பி, ஒரு அம்மா வந்துருக்காக. மார்க்கையன்கோட்டையாம். கப்பல் செய்தி போட்ட ஆளைப் பாக்கணும்கிறாக. டீ குடுத்தேன், தொடல. நீ வா.”

பேச்சியம்மாள் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். பெஞ்சின் நுனியில், பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விட்டு உட்கார்வது போல உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. கையில் எங்கள் ஏழாம் பக்கம் மட்டும், நாலாக மடித்தது. தலைப்புக்கு அடியில் கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தார். என் அம்மா அப்படித்தான் பேப்பரைப் பிடிப்பார். ‘இதுல நீ எழுதுனது எதுடா?’ என்று கேட்டு, நான் காட்டியதும் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொள்வார். படிக்கத் தெரியாதவர்கள் பேப்பரைப் பிடிக்கிற விதம் அது.

“நீதான் இதப் போட்டவனாய்யா?”

“ஆமாம்மா.”

“இது எங்கன இருக்கு?”

கேட்டுவிட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மகன் சுரேஷ் சரக்குக் கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது ஏஜென்ட் கொடுத்த நியமனக் கடிதம். ஆங்கிலத்தில் இருந்தது. பெயர், வேலை, அதற்குக் கீழே ‘பணிபுரியும் பகுதி: இந்தோ-பசிபிக்’.

“பால் சொசைட்டிக்காரர்தான் அன்னைக்கு வாசிச்சுச் சொன்னாரு, உன் மகன் இந்தக் கடல்லதான் இருப்பான்னு. இன்னைக்குக் காலைல பால் ஊத்திட்டு நிக்கிறேன், பேப்பரப் பாத்தவரு என் மூஞ்சியப் பாக்குறாரு, பேச மாட்டேங்குறாரு. வாங்கிப் பாத்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது தம்பி. ஆனா அவர் விரல் நின்ன எடத்துல நடுவுல ஒரு கோடு இருக்கு. என் கடுதாசியிலயும் இருக்கு.”

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லையாம். அவர் நாற்று நடவில் நின்றிருக்கிறார். ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இந்த அம்மா பஸ் ஏறியிருக்கிறார். ஏஜென்ட் நம்பரைப் பால் சொசைட்டிக்காரர் நாலு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. மகன் போன மாதம் கப்பல் மாறியிருக்கிறான், புதுக் கப்பலின் பெயர் இவருக்குத் தெரியாது. மகன் எங்கே இருக்கிறான் என்பதற்கு அந்த அம்மாவிடம் இருந்த ஒரே விலாசம் அந்தச் சொல்தான். அந்தச் சொல்லைத்தான் நான் முந்தின நாள் சாயங்காலம் தலைப்பில் அழகாக இருக்கிறது என்று போட்டேன்.

விளம்பர அண்ணன் நல்ல மனிதர், தாங்க மாட்டாமல், “ஒண்ணும் ஆயிருக்காதும்மா, கடல்ல ஆயிரம் கப்பல் ஓடுது. உங்க மகன் கப்பலா இருக்காது” என்றார்.

பேச்சியம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “அது எனக்குத் தெரியாமயா சாமி பஸ் ஏறி வந்தேன்? எடத்தச் சொல்லுங்க.”

எனக்கும் அதே ஆறுதல்தான் வாய் வரை வந்திருந்தது. அண்ணன் சொல்லி அடி வாங்கியதால் நான் தப்பினேன். நண்பர்களே, பதற்றத்தில் நிற்கும் ஆளிடம் முதலில் வாயில் வருகிற வாக்கியம் பெரும்பாலும் நம்மைச் சமாதானப்படுத்திக்கொள்ளத்தான் வரும். ஒரு மூச்சு விட்டு அதை விழுங்கிவிடுங்கள்.

கணினியில் ஏஜென்சியின் முழுச் செய்தியைத் திறந்தேன். நான் வெட்டிய கடைசிப் பத்தியில் எல்லாம் இருந்தது. கப்பலின் பெயர், கவிழ்ந்த இடம் பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே, பக்கத்துத் துறைமுகம் எது என்பது வரைக்கும். முந்தின நாள் மூன்று விநாடியில் அழித்தது. அமைச்சரின் பேச்சை வெட்டிவிட்டு இதை வைத்திருக்கலாம், இடம் இருந்தது. கீழிருந்து வெட்டு என்ற பாடத்தை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன், கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

சுவரில் தொங்கிய உலக வரைபடத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். “இங்கனதாம்மா கப்பல் கவுந்துருக்கு. நம்ம இங்கன இருக்கோம்.”

“அப்ப அந்தக் கோடு போட்ட கடலு?”

கையை வைத்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு கையை வைத்தால் இன்னொரு கையை எங்கே வைப்பது? அமெரிக்க அரசு இந்தியாவின் மேற்குக் கரையோடு முடித்துக்கொள்கிறது. நம் அரசு ஆப்பிரிக்காவின் கரை வரைக்கும் சேர்த்துச் சொல்கிறது. ஜப்பானும் பிரான்சும் ஆப்பிரிக்காவை விடுவதில்லை. ஆஸ்திரேலியா சொல்லும்போது கிழக்குப் பக்கமாகச் சுருங்குகிறது. யாருக்கு எங்கே வேலை இருக்கிறதோ அதுவரைக்கும் கடல். அதைத்தான் சொன்னேன்.

பேச்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஆளுக்கு ஒரு எல்லையா? எங்க ஊர்ல வரப்பத் தள்ளி வெட்டுனா வெட்டுக்குத்து ஆயிரும்.”

விளம்பர அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு மனை விளம்பரம் வந்திருந்தது, ‘கம்பம் பள்ளத்தாக்கின் நுழைவாயிலில்’ என்று. இடம் எங்கே என்றால் ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அங்கிட்டு, மழை பெய்தால்தான் வெள்ளாமை என்கிற காடு. அந்த வாசகத்தை வாங்கி அச்சுக்கு அனுப்பியவர் அவர்தான். பள்ளத்தாக்கின் தென்கோடியில் இருக்கும் ஒரு கூடலூர்க்காரரைக் கேட்டால் பள்ளத்தாக்கை உத்தமபாளையத்தோடு அடைத்துவிடுவார். மனை விற்கிறவர் மனை வரைக்கும் இழுப்பார். அரசாங்கங்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை, அது அவர்கள் திட்டத்தின் பெயர். திட்டத்தின் பெயரை விலாசமாக அச்சடித்தது நான்.

“சரி, என் மகன் அந்தக் கடல்ல இருக்கானா, இல்லையா?”

“கடைசியா எப்பம்மா பேசுனாரு?”

“மூணு நாளாச்சு. கரையில நிக்கிறோம், சரக்கு எறங்கல, வரிசை பெருசுன்னான். மாம்பழம் நம்ம ஊரு மாதிரியே இனிக்குதுன்னான். எந்த ஊருன்னு நான் கேக்கல தம்பி. சாப்பிட்டியான்னு கேட்டேன், வச்சுட்டான்.”

அவருடைய பட்டன் போனை வாங்கினேன். வந்த அழைப்புகளில் மூன்று நாளைக்கு முந்திய நம்பர் 254 என்று தொடங்கியது. தேடிப் பார்த்தேன். கென்யா. மாம்பழம், துறைமுகத்தில் வரிசை, எல்லாம் சேர்ந்தது. அந்த நாட்டுத் துறைமுகம் மொம்பாசாவாக இருக்க வேண்டும். வரைபடத்தில் அந்த இடத்தில் அவர் விரலையே பிடித்து வைத்தேன். “மூணு நாளைக்கு முன்னாடி இங்கன. கப்பல் கவுந்தது அங்கன. கப்பல் நம்ம டவுன் பஸ்ஸை விட மெதுவாத்தாம்மா போகும். இங்கிருந்து அங்க போகணும்னா ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும்.”

அவர் விரல் அங்கிருந்து நகரவில்லை. இன்னொரு கை விரலைப் பிலிப்பைன்ஸ் பக்கம் வைத்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த நீலத்தை நின்று பார்த்தார்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் அவர் நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் எனக்குள் ஒரு முள். மாலுமிகளை விமானத்தில் ஏற்றி வேறு கப்பலில் சேர்ப்பது உண்டு என்று எங்கோ படித்திருக்கிறேன். மூன்று நாள் அதற்குப் போதும். சொல்வதா, வேண்டாமா? சொன்னால் இப்போதுதான் வந்த மூச்சு நின்றுவிடும். சொல்லாவிட்டால் நேற்று செய்ததையே இன்றைக்கும் செய்கிறேன், தெரியாததைத் தெரிந்த மாதிரிக் கொடுக்கிறேன். சொல்லிவிட்டேன். “தொண்ணூறு பங்கு இல்லம்மா. பத்துப் பங்கு எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கிருவோம், இருங்க.”

“நெசத்தச் சொன்ன,” என்றார். சொல்லிவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

மகனின் ஊர் நம்பர் வெளிநாட்டில் எடுக்காதாம். அந்த 254 நம்பர் அவனுடையது இல்லையாம், கூட இருப்பவன் யாரோ கரையில் இறங்கி வாங்கிய உள்ளூர் சிம்மாம். அம்மாவின் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் போகாது. என் போனில் நம்பரைப் போட்டு வாட்ஸ்அப் பார்த்தேன். படத்தில் மீசைக்காரர் ஒருவர் கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெயருக்குக் கீழே மலையாளத்தில் ஏதோ எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினேன், பார்க்கவில்லை. கூப்பிட்டேன், மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார். நான் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். இரைச்சலில் அவருக்கும் விளங்கவில்லை, அவர் சொன்னது எனக்கும் விளங்கவில்லை.

“குடு இங்கிட்டு,” என்று பேச்சியம்மாள் போனை வாங்கினார்.

“மோனே, ஞான் சுரேஷின்டே அம்மயாணு. அவன் எவிடே?”

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதினாறு வருடம் கம்பம்மெட்டு மலை ஏறி கேரளாப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்க ஜீப்பில் போய் வந்தவராம். எங்கள் அலுவலகத்தில் அன்றைக்கு மொழி தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

போனில் ஒலி பெரிதாக இருந்ததால் எங்களுக்கும் கேட்டது. “அம்மே! அவன் உறங்குகயாணு. ராத்திரி ட்யூட்டி ஆயிருந்நு. விளிக்கணோ?”

தூங்குகிறானாம். எழுப்பட்டுமா என்கிறார்.

பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். “வேண்டா மோனே,” என்றார். “உறங்ஙட்டே.”

நான் பதறிப்போய், “எழுப்பச் சொல்லுங்கம்மா, ஒரு வார்த்தை பேசிருங்க” என்றேன்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். “ராவெல்லாம் முழிச்ச புள்ளைய எழுப்பி, நீ உசுரோட இருக்கியான்னா கேப்பாக?”

அப்புறம்தான் அந்த ஆறிப்போன டீயைக் குடித்தார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைக்கும்போது கேட்டார். “தம்பி, அப்ப அந்தக் கப்பல்ல இருந்தது யாரு மக்க? அவுக ஆத்தாமாருக்கு எடம் தெரியுமா?”

வெளியூரில் நம் பேப்பரைப் பார்த்துவிட்டு இன்னும் எத்தனை பேர் கையில் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார்களோ என்று அதுவரை நான் நினைக்கவே இல்லை. அன்று மாலை பொறுப்பாசிரியரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். “எவ்வளவு எடம் வேணும்?” என்று மட்டும் கேட்டார். கப்பலின் பெயர், கவிழ்ந்த இடம், மாலுமிகளின் குடும்பத்தார் விசாரிக்க அரசு கொடுத்திருந்த தொலைபேசி எண், மூன்றையும் மேலே வைத்து மறுநாள் எழுதினேன். அமைச்சர் கடைசிப் பத்திக்குப் போனார். அக்கா கேட்காமலே மேப் வைத்தார், மேப்பில் அடங்கியது.

‘இந்தோ-பசிபிக்’ என்ற சொல்லை எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நாடுகள் கூடிப் பேசும்போது, கடற்படைகள் ஒத்திகை பார்க்கும்போது, எழுதத்தான் வேண்டும், வேறு சொல் கிடையாது. அப்போதும் எந்த நாடு சொல்லுகிற இந்தோ-பசிபிக் என்று அரை வரி சேர்த்துவிடுங்கள். ஆனால் ஓர் ஆள் விழுந்த இடத்துக்கும், ஒரு கப்பல் நின்ற இடத்துக்கும் அதைப் போடாதீர்கள். அங்கே ஊர் பெயர் வேண்டும், துறைமுகம் வேண்டும், கரைக்கு எந்தப் பக்கம் என்று வேண்டும். இடமில்லாமல் வெட்ட வேண்டி வந்தால், வெட்டப்போகிற பத்தியை ஒரு தரம் வாய்விட்டு வாசியுங்கள்.

இன்னொன்று, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். மேசையின் வலது இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்தால் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். பென்சிலில் மொம்பாசா என்று தொடங்கி, கொழும்பு, சிங்கப்பூர், மறுபடி கொழும்பு என்று வரிசையாக ஊர்கள், கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் அடித்திருக்கும். அந்த அம்மா ஊருக்குக் கிளம்பும்போது, “எனக்கு எழுதி வைக்கத் தெரியாதுல்ல, நீ எழுதி வச்சுக்கய்யா, கேட்டாச் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனார். மகன் கப்பல் ஏறுகிற காலத்தில் ஒவ்வொரு துறைமுகத்திலும் அவன் எங்கே என்று அவர் எனக்குச் சொல்வார். பேப்பரில் கப்பல் என்று யாராவது வாசித்தால், எங்கே என்று நான் அவருக்குச் சொல்வேன். ஐந்து வருடமாக இது நடக்கிறது.

அழைப்பு அலுவலக எண்ணுக்குத்தான் வரும், பெரும்பாலும் பகல் பன்னிரண்டுக்கு மேல், பால் வேலையெல்லாம் முடிந்த பிறகு. நலம் விசாரிக்க வேண்டாம். முதலில் இடத்தைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுத் தேடுங்கள். நான் போவதை அவரிடம் சொல்லிவிட்டேன். “அப்ப யாருகிட்ட கேக்க?” என்றார். உங்களிடம் என்று சொல்லியிருக்கிறேன்.

சுரேஷ் இப்போது விசாகப்பட்டினத்தில் இருக்கிறான், வியாழக்கிழமை கிளம்புகிறானாம். அடுத்த ஊர் எது என்று அந்த அம்மா சொல்வார். பென்சில் இழுப்பறையிலேயே இருக்கிறது.